கண்ணுக்குத் தெரியாத நாணயமும் அத்திப்பட்டுச் சாம்பலும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் குவிமாடங்களில் தொடங்கி, சுங்க மாளிகையையும் துறைமுகத்தையும் ஒட்டி வடக்கே சென்று, எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்து அத்திப்பட்டின் புகைபோக்கிகளில் முடியும் வழித்தடம் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவது. இந்தக் குறுகிய தொலைவுக்குள், ஒரு நாணயம் உருவாவதற்கு வேண்டிய மின்சாரமும், அதை உருவாக்கும் கருவி வந்திறங்கும் கடல்வாயிலும், அந்த நாணயம் தகராறில் சிக்கும்போது தீர்ப்புச் சொல்லும் மன்றமும் ஒரே இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்திருக்கின்றன. உலோகமும் தாளும் இல்லாமல், எந்த அரசின் முத்திரையும் பெறாமல், கணிதப் புதிர்களின் வலிமையால் மட்டுமே காக்கப்படும் மறையீட்டு நாணயம், அதாவது நடைமுறைப் பேச்சில் கிரிப்டோ எனப்படுவது, இடமற்றது என்றும் எல்லைகளுக்கு அப்பாற்பட்டது என்றும் அதன் ஆதரவாளர்களால் விவரிக்கப்படுகிறது. அந்த விவரிப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பார்ப்பதற்கு அத்திப்பட்டுக்குப் போய்வரும் அரைநாள் பயணம் போதுமானது.

பயணம் உயர் நீதிமன்றத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1892இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடத்தின் மிக உயரமான குவிமாடத்தின் மேல் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. வங்கக் கடலில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்த விளக்கு இருந்த கட்டடத்தில்தான், 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் இந்தியச் சட்டத்தின் பார்வையில் என்னவாகும் என்ற கேள்விக்கு விடை அளித்தார். கையால் தொடத்தக்க பருப்பொருளாகவோ சட்டப்படி செல்லும் பணமாகவோ அதைக் கொள்ள முடியாதென்றாலும், ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் பயன் துய்க்கவும் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைக்கவும் இயன்ற சொத்து அது என்பதே அந்த விடையின் சாரம்.

வழக்கின் அடிப்படையை விளங்கிக்கொள்ள, வர்த்தகத் தளம் எனப்படும் எக்ஸ்சேஞ்ச் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கிரிப்டோ நாணயத்தின் உரிமை என்பது, பொதுவில் எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பேரேட்டில் பதிவான தொகையை நகர்த்தும் அதிகாரம் தரும் நீண்ட இரகசிய எண்ணை, அதாவது சாவியை, கைவசம் வைத்திருப்பதுதான். தொடர்ச்சியான பக்கங்களாக எழுதப்பட்டு, ஒரு பக்கத்தைத் திருத்தினால் அதற்குப் பின்வரும் பக்கங்கள் அனைத்தும் பொருந்தாமல் போகும்படி பிணைக்கப்பட்ட அந்தப் பேரேட்டுக்கு பிளாக்செயின் என்று பெயர். தமிழ்நாடு அரசு தன் ஆவணங்களுக்காக இதே தொழில்நுட்பத்தில் அமைத்த கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர் வைத்திருப்பது இங்கே நினைவுகூரத் தக்கது. வர்த்தகத் தளத்தில் கணக்குத் தொடங்கி ரூபாய் கொடுத்து நாணயம் வாங்குபவர் பெரும்பாலும் சாவியைப் பெறுவதில்லை. சாவி தளத்திடம் இருக்க, வாங்கியவரின் கைப்பேசித் திரையில் தெரிவது தளம் தன் கணக்கில் எழுதிவைத்திருக்கும் ஓர் எண்ணிக்கை மட்டுமே. வங்கியில் பணம் போட்டவருக்கு வைப்புக் காப்பீடும் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையும் இருக்கின்றன. தளத்தில் நாணயம் வைத்தவருக்கு இவ்விரண்டும் இல்லை.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியத் தளத்தின் பெட்டகங்களில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது இந்த வேறுபாட்டின் பொருள் இலட்சக்கணக்கானோருக்கு ஒரே நாளில் விளங்கியது. திருட்டுக்கு வட கொரியத் தொடர்புள்ள கும்பலே காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. தளம் முடங்கியது. தளத்தை இந்தியாவில் நடத்திய சன்மாய் லேப்ஸ் நிறுவனத்துக்கும் சிங்கப்பூரில் பதிவான அதன் தாய் நிறுவனத்துக்கும் இடையே பொறுப்பு மாறிமாறிச் சுட்டப்பட்டது; சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில், இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் ஒருவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்த 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களும் இதே தளத்தில் முடங்கிக் கிடந்தன. திருட்டுப் போனவை எதீரியம் வலைப்பின்னலைச் சார்ந்த வேறு வகை நாணயங்கள்; அவருடையவை திருடப்படவே இல்லை. திருடப்படாத சொத்தை மற்றவரின் இழப்பை ஈடுகட்ட எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஒப்பந்தத்தின்படி தகராறுகள் சிங்கப்பூரில் நடுவர் மன்றத்தின் முன் செல்ல வேண்டும் என்பதால் சென்னை நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தளத்தின் தரப்பு வாதிட்டது. அந்த முதலீட்டாளர் பணம் செலுத்தியது சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, தளத்தைப் பயன்படுத்தியதும் சென்னையிலிருந்து. ஆகவே இங்குள்ள சொத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்க இந்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிபதி முடிவு செய்து, நடுவர் மன்ற நடவடிக்கை முடியும் வரை 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமோ அதற்கு ஈடான வைப்போ தர வேண்டும் என உத்தரவிட்டார். நியூசிலாந்தில் கிரிப்டோபியா என்ற தளம் நொடித்தபோது 2020இல் அந்நாட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அவருக்குத் துணையாக நின்றது. சட்ட நுணுக்கங்கள் பல இருப்பினும் இந்தத் தீர்ப்பின் உயிர்நாடி எளியது: எங்கும் இல்லாதது என்று சொல்லப்பட்ட நாணயம், அதை வாங்கியவரின் ஊரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டிருந்தது; சட்டம் பிடித்துக்கொள்ள அந்த ஒரு பிடிமானம் போதுமானதாக இருந்தது.

இதே கட்டடத்தோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்வும் உண்டு. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, கிரிப்டோ வர்த்தகத்தில் ஈடுபடுவோருக்கு எந்த வங்கியும் சேவை அளிக்கக் கூடாது என்று தடுத்தது. நாணயத்தை நேரடியாகத் தடை செய்யாமல், அது ரூபாயாக மாறும் வாயிலை அடைத்த நடவடிக்கை அது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை நீக்கியபோது, தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய வி. ராமசுப்பிரமணியன். ஒழுங்குபடுத்த ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எடுத்த நடவடிக்கை, ஏற்பட்டதாகக் காட்டப்பட்ட தீங்குக்குப் பொருத்தமான அளவில் இல்லை என்பது அத்தீர்ப்பின் அடித்தளம். இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் வேறொன்றும் நடந்தது: நிதித்துறைச் செயலராக இருந்த சுபாஷ் சந்திர கார்க் தலைமையிலான குழு 2019இல் முன்வைத்த வரைவுச் சட்டம், கிரிப்டோவை உருவாக்குவதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்குப் பட்டியலிடப்பட்ட மற்றொரு மசோதாவும் அறிமுகமாகவில்லை. சிறைக்கு அனுப்பலாம் என்று ஓர் ஆண்டும், வரி கட்டலாம் என்று மற்றோர் ஆண்டும் சொல்லப்படும் ஒரு தொழிலில் கருவியையும் கட்டடத்தையும் வாங்கிப் போடுபவர் எதை நம்பிப் போடுவது என்ற கேள்வியே, ஒழுங்குமுறை இடர் என்று நூல்கள் குறிப்பிடுவதன் நடைமுறைப் பொருள்.

உயர் நீதிமன்றத்திலிருந்து மேற்கே சற்று நடந்தால் தங்கசாலைத் தெரு வந்துவிடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் பெற்ற பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்த நாணயச்சாலை மூடப்பட்டு, அவ்விடம் அரசு அச்சகத்துக்குச் சென்றது. நாணயம் அடிப்பது அரசுக்குரிய உரிமை என்ற எண்ணம் இந்நகரில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை ஒரு தெருவின் பெயரே காட்டுகிறது. கிழக்கே திரும்பினால் ராஜாஜி சாலை, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான பர்மா பஜாரின் கடைவரிசை, சுங்க மாளிகை, கடற்கரை இரயில் நிலையம். வெளிநாட்டு மின்னணுப் பொருளைச் சென்னைவாசிகள் தேடிப்போகும் இடமாகப் பர்மா பஜார் பல பத்தாண்டுகள் விளங்கியது. சுங்க அதிகாரிகளின் அலுவலகமும் அந்தக் கடைகளும் ஒரே சாலையில் இருப்பது அந்த வணிகத்தின் இயல்பையே சொல்வது போல இருக்கிறது.

நாணயத்தை உருவாக்கும் கருவியைப் பற்றிப் பேச இந்தச் சாலையே பொருத்தமான இடம். பிட்காயின் பேரேட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படுகிறது. அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமை, ஒரு குறிப்பிட்ட வகை எண்ணைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பவருக்கே போகிறது. கண்டுபிடிக்கக் குறுக்குவழி இல்லை, கோடானுகோடி முறை முயன்று பார்ப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு முயற்சிக்கும் ஹேஷ் என்று பெயர். வென்றவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கின்றன: 2009இல் 50 ஆக இருந்த பரிசு, நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் விதியின்படி, 2024 ஏப்ரலுக்குப் பின் 3.125 ஆகிவிட்டது. பூமியைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கு ஒப்பாக இந்த வேலையை மைனிங் என்கிறார்கள். தமிழில் அகழ்வு எனலாம். முயல்வோர் கூடினால் புதிர் கடினமாகும்படியும் குறைந்தால் எளிதாகும்படியும் 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை அளவு மாற்றப்படுவதால், எத்தனை கருவிகள் சேர்ந்தாலும் வெளிவரும் நாணயத்தின் அளவு கூடுவதில்லை. செலவாகும் மின்சாரம் மட்டுமே கூடுகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் அத்திப்பட்டு வரையிலான மீதிப் பயணம் விளங்கும்.

தொடக்கத்தில் வீட்டுக் கணினியிலேயே நடந்த அகழ்வு, 2010 அளவில் விளையாட்டுக் கணினிகளின் வரைகலை அட்டைகளுக்கு மாறி, 2013இல் ஏசிக் எனப்படும் தனிப்பணிச் சில்லுகளைக் கொண்ட பெட்டிகளை அடைந்தது. ஒரே ஒரு கணக்கை மட்டும் செய்யும்படி வடிக்கப்பட்ட இந்தச் சில்லு அந்தக் கணக்கில் எந்தக் கணினியையும் வென்றுவிடுகிறது. வேறு எந்த வேலைக்கும் அது உதவாது. சீனாவின் பிட்மெயின் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்9 ஒரு இலட்சம் கோடி முயற்சிகளுக்கு ஏறத்தாழ 98 ஜூல் ஆற்றலை எடுத்துக்கொண்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட எஸ்21 அதே வேலையை 17.5 ஜூலில் முடிக்கிறது. ஐந்து மடங்குக்கு மேற்பட்ட இந்த முன்னேற்றத்தால் பழைய பெட்டி கெட்டுப்போகாமலே பயனற்றதாகிறது. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று இத்தகைய கருவியின் சராசரி ஆயுளை 1.29 ஆண்டு என்றும், ஆண்டுதோறும் சேரும் மின்னணுக் கழிவை ஏறத்தாழ 30,700 டன் என்றும் மதிப்பிட்டது. ஓடும் வேளையில் ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ 75 டெசிபல் அளவில் இரைகிறது. நூறு பெட்டிகள் வைத்த அறையில் பக்கத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட பெட்டி ஒரு துறைமுகத்தில் இறங்கும்போது அது கணினியா, வேறு வகை மின்கருவியா என்பதை முதலில் சுங்கத்துறை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது; அந்த வகைப்பாட்டைப் பொறுத்தே தீர்வை அமைகிறது. அமெரிக்கச் சுங்கத்துறை 2018இல் இவற்றைக் கணினி வகையிலிருந்து எடுத்து வேறு மின்கருவி வகையில் சேர்த்தபோது, தீர்வையின்றி வந்த பொருள் தீர்வைக்குரியதாயிற்று. ஆயுள் ஓராண்டு சொச்சமே உள்ள கருவிக்கு, வகைப்பாட்டுத் தகராறில் கழியும் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். துறைமுகத்திலிருந்து வெளியேறும் பெட்டகங்கள் காத்திருக்கும் சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குப் பெட்டக நிலையங்கள் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் பரந்து கிடக்கின்றன. சிக்கிய சரக்கு அங்கே எவ்வளவு காலம் கிடக்கக்கூடும் என்பதற்கு வட சென்னையே ஓர் உதாரணம் கண்டது. 2015இல் பறிமுதலான 697 டன் அம்மோனியம் நைட்ரேட், 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறும் வரை மணலியில் உள்ள நிலையம் ஒன்றில் 37 பெட்டகங்களில் கிடந்தது; அந்த வெடிப்புக்குப் பிறகே அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்தாண்டு என்பது அகழ்வுக் கருவியின் கணக்கில் நான்கு தலைமுறை.

கும்மிடிப்பூண்டித் தடத்தின் மின்தொடர் வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்தே புறப்படுகின்றன. கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பும் சில வண்டிகள் இராயபுரம் வழியாகச் சென்று கொருக்குப்பேட்டையில் அத்தடத்தோடு சேர்கின்றன. 1856இல் திறக்கப்பட்டுத் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையமான இராயபுரத்தின் தூண்களைச் சன்னல் வழியே காண முடிகிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என நிலையங்கள் கடக்கக் கடக்க, குடியிருப்புகளுக்கு இடையே எண்ணெய்த் தொட்டிகளும் ட்ரெய்லர் லாரிகளின் வரிசையும் மாறிமாறி வருகின்றன. கத்திவாக்கத்தை அடுத்த எண்ணூரில்தான் பழைய அனல் மின் நிலையம் இருந்தது. 1970 முதல் இயங்கி, ஐந்து அலகுகளில் 450 மெகாவாட் திறன் கொண்டிருந்த அது, 2017 மார்ச் 31 அன்று நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

நின்றுபோன நிலக்கரி மின் நிலையங்களை அயல்நாடுகளில் கிரிப்டோ அகழ்வோர் தேடிச் சென்றது அண்மைக்கால வரலாறு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மூடும் நிலையில் இருந்த ஹார்டின் நிலையம், 2020இல் அதன் அருகிலேயே அகழ்வுக் கூடம் அமைக்கப்பட்டதால் மீண்டும் முழுமூச்சாக எரியத் தொடங்கியது. நியூயார்க்கில் செனெகா ஏரிக்கரையில் இருந்த கிரீனிட்ஜ் நிலையம், நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறிய பின், பெரும்பகுதி மின்சாரத்தைத் தன் வளாகத்து அகழ்வுக்கே செலவிட்டது. எண்ணூர் நிலையத்துக்கு அப்படியொரு மறுபிறப்பு நேரவில்லை. தமிழ்நாட்டில் அனல் மின்சாரம் பெரும்பாலும் அரசின் விநியோகக் கழகத்துக்கே போகிறது. தேவையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. விற்க ஆளின்றிக் கிடக்கும் மின்சாரம் என்பதே இங்கு இல்லை. அதை இந்த மாநிலத்தின் நல்வாய்ப்பு என்றுதான் கருத வேண்டும்.

எண்ணூரைத் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றின் பாலத்தின் மேல் செல்கிறது. அடுத்த நிலையம் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்தது அத்திப்பட்டு. புதுநகரில் இறங்கிக் கிழக்கே நோக்கினால் வட சென்னை அனல் மின் நிலையம் தெரிகிறது: 1990களில் வந்த முதல் கட்டத்தின் 630 மெகாவாட், பத்தாண்டுகளுக்கு முன் சேர்ந்த இரண்டாம் கட்டத்தின் 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட். அருகில் வல்லூரில் மத்திய மாநில நிறுவனங்களின் கூட்டு முயற்சியான 1,500 மெகாவாட் நிலையம். ஒடிசாவின் தால்சேர், ஈப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில், இப்போதைய பெயரில் காமராஜர் துறைமுகத்தில், இறங்கி, கன்வேயர் பட்டையில் நேராகக் கொதிகலனை அடைகிறது. கூடுதல் நிலையம் ஒன்றின் கட்டுமானத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அசாமிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மின்சாரத்தின் விலையைக் கணக்கிடும்போது விட்டுவிடக் கூடாத செலவு அது.

இந்த இடத்தில் நின்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. எஸ்21 பெட்டி ஒன்று 3,500 வாட் எடுத்துக்கொள்கிறது, அதாவது நாளொன்றுக்கு 84 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றேகால் நாள் முடிவதற்குள் தீர்த்துவிடும். மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட்டையும் இந்தப் பெட்டிகளுக்கே கொடுத்தால் ஏறத்தாழ 2,28,000 பெட்டிகள் ஓடும். 2025இல் உலகப் பிட்காயின் வலைப்பின்னலின் மொத்த வேகம் எட்டிய அளவோடு ஒப்பிட்டால் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நாள் முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 20 நாணயம். ஒரு நாணயத்துக்கு ஒன்பது லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. இங்கு உயரழுத்தத் தொழிற்சாலை இணைப்புக்கு யூனிட் விலை ஏழு ரூபாய்க்கு மேல். நிலைக்கட்டணத்தைச் சேர்க்காமலே ஒரு நாணயத்தின் மின்கட்டணம் மட்டும் 65 லட்சம் ரூபாய்.

வரியைச் சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் எண்மச் சொத்து என்ற பெயரில் கிரிப்டோவின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. கொள்முதல் விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த இழப்பை இன்னொன்றின் இலாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அகழ்வுக்கான உள்கட்டமைப்புச் செலவு கொள்முதல் விலை ஆகாது என்று மத்திய அரசு அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. 65 லட்சம் மின்கட்டணம் கட்டி எடுத்த நாணயம் 70 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது ஐந்து லட்சம். 70 லட்சத்தின் மேல் வரியோ 21 லட்சம். அகழ்வைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை, ஆனால் அத்திப்பட்டில் ஓர் அகழ்வுக் கூடமும் எழாததற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

விற்பனை ஒவ்வொன்றிலும் ஒரு விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். முறை 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. வருவாயைக் காட்டிலும் தடம் அறிவதே அதன் நோக்கம். இந்த ஊரின் பழைய தொழிலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அத்திப்பட்டும் வல்லூரும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றவை. சென்னை மாகாணத்தின் உப்பை 1805இல் கம்பெனி தன் ஏகபோகமாக்கியபோது, கடற்கரையில் தானே விளையும் ஒரு பொருளுக்கு வரி விதிக்க, அதை வேலியிட்ட கிடங்கில் குவித்து, எடை போட்டு, சீட்டு எழுதி, கால்வாய்ப் படகில் ஏற்றும் ஒரு பெரிய அலுவலக அமைப்பையே உருவாக்க வேண்டியிருந்தது. வரி விதிக்க வேண்டுமெனில் பொருள் எங்கேனும் ஓர் இடத்தில் எடைபோடப்பட வேண்டும். ஒரு விழுக்காட்டுப் பிடித்தம் கிரிப்டோவுக்கு அமைந்த எடைமேடை. 2023 மார்ச்சில் பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தளங்கள் கொண்டுவரப்பட்டதும், பதிவு செய்யாத வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பப்பட்டதும், 2024 ஜூனில் பைனான்ஸ் தளத்துக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதும் அதே வேலியின் அடுத்தடுத்த கம்பங்கள். ஆனால் எடைமேடைக்கு வெளியே, ஆளுக்கு ஆள் நேரடியாகக் கைமாற்றும் பி2பி முறைக்குப் பலர் நகர்ந்தனர். அங்கே முகமறியாத ஒருவர் அனுப்பிய ரூபாய் எங்கோ நடந்த இணைய மோசடியின் பணமாக இருந்துவிட்டால், விற்றவரின் வங்கிக் கணக்கு வேறு மாநிலக் காவல்துறையின் கடிதத்தால் முடக்கப்படுகிறது. வரி வாங்கும் அரசு, வரி கட்டுபவருக்குரிய பாதுகாப்புச் சட்டத்தை இன்னும் இயற்றவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பாரம், தங்கசாலைக்கு அருகிலுள்ள அந்த நீதிமன்றம் போன்றவற்றின் மேல் விழுந்திருக்கிறது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நிலக்கரியோடு நாணயத்தைப் பிணைத்த நாடுகளின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. 2021 ஏப்ரலில் சீனாவின் சிஞ்சியாங்கில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து, பாதுகாப்புச் சோதனைக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, உலகப் பிட்காயின் வலைப்பின்னலின் வேகம் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. அதே ஆண்டு சீனா அகழ்வைத் தடைசெய்ய, கருவிகள் கசகஸ்தானுக்குச் சென்றன. அங்கே மின் பற்றாக்குறை ஏற்பட்டு, 2022 ஜனவரியில் அகழ்வோரின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மலேசியாவின் சரவாக்கில் மின்சாரத்தைத் திருடி ஓட்டப்பட்ட 1,069 பெட்டிகளை, 2021 ஜூலையில் மிரி நகரக் காவல்துறை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது. இவற்றுக்கு மாறான வழியும் உண்டு: எதீரியம் வலைப்பின்னல் 2022 செப்டம்பரில் புதிர் அவிழ்க்கும் முறையையே கைவிட்டு, தன் மின்செலவில் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துக்கொண்டது. பிட்காயின் மாறவில்லை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி அதன் ஆண்டு மின்செலவு 138 டெராவாட் மணி.

புதுநகரிலிருந்து வடக்கே செப்பாக்கம் செல்லும் வழியில் அந்த மின்செலவின் மறுமுனை தெரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும். தண்ணீரோடு கலந்து குழாயில் தள்ளப்படும் அந்தக் குழம்பு இங்குள்ள குளங்களில் தேக்கப்படுகிறது. குழாய் வெடித்த இடங்களில் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து படுகையை மேடாக்கியதையும், இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவர்களும் இருளர்களும் அதனால் பட்ட இழப்பையும் பற்றிய வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் மின் நிலையத்தைப் பொறுப்பாக்கியது. காற்றடிக்கும் கோடை நாள்களில் செப்பாக்கத்து வீடுகளின் தரையில் சாம்பல் படிகிறது. இவ்வூர் மக்கள் தங்களை வேறிடத்தில் குடியமர்த்தக் கோரிவருகிறார்கள். இந்தச் சாம்பல் விளக்குக்கும் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் எரிந்த கரியின் சாம்பல் என்பதனாலேயே இவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. எண்ணிக்கை கூடாத நாணயத்துக்காக எண்ணிக்கையின்றி முயன்று பார்க்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து இதைச் சுமக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

மாலையில் திரும்பும் மின்தொடர் வண்டி, சரக்கு வண்டிக்கு வழிவிடப் புதுநகரில் காத்திருப்பது இத்தடத்தில் வழக்கமானது. துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் ஒரு பகுதி மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு இவ்வழியாகவே செல்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் என்று கொண்டால் ஒரு பிட்காயினுக்கு 650 டன் நிலக்கரி வேண்டும். ஒரு வேகனில் 60 டன் அளவுக்கு ஏற்றுகிறார்கள். நடைமேடையில் நிற்பவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள, கரித்தூள் பறக்க வண்டி கடக்கிறது. என்ஜினை அடுத்து வரும் முதல் பதினொரு வேகன்கள் ஒரு நாணயத்தின் அளவு. அவற்றுக்குப் பின்னால் இன்னும் நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவை மேட்டூரை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன.